நாகமணி ஓடிய நானூறு மீட்டர்

நாகமணியிடம் நான் எத்தனை முறை ஓட்டத்தில் தோற்றேன் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஜெயித்தது ஒரு முறைகூட இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

நான் பந்தல்குடிக்காரி. பெயர் சுப்பம்மாள். தூத்துக்குடி ரோட்டில் லாரிக்காரர்களுக்கு டீ ஆற்றிக் கொடுக்கும் கடை எங்கள் வீட்டாருடையது. அருப்புக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கி உயர்நிலைப் பள்ளியில் படித்தேன். உடம்பில் தெம்புக்கும் வாயில் திமிருக்கும் குறைவில்லை. டவுன் பிள்ளைகள் எல்லாம் நோஞ்சான்கள் என்ற நினைப்போடு போய்ச் சேர்ந்த என்னை, முதல் வாரமே மண்ணைக் கவ்வ வைத்தவள் நாகமணி.

பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றால் முழங்காலும் கணுக்காலும்தான் தெரியும், நடுவில் சதை என்று ஒன்று இருப்பதே தெரியாது. "இது எங்க ஓடப்போகுது"ன்னு நான் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு முடிப்பதற்குள் அவள் மைதானத்தின் அந்தக் கடைசியில் நின்றாள்.

அவளுடைய அப்பா சௌடையா குழித்தறியில் சேலை நெய்பவர். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். நான் போய் நின்றால் எனக்காகப் பேச்சைத் தமிழுக்கு மாற்றிக்கொள்வார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும்.

அத்தை வீட்டுக்குப் பின்னால் பாவடி. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். கஞ்சி ஏறினால்தான் இழைக்கு விறைப்பு வரும், தறியின் இழுபறியைத் தாங்கும். அந்த வேலை நடக்கிற திறந்த வெளிதான் பாவடி. விடிந்ததும் தொடங்கி, வெயில் உறைப்பதற்குள் முடித்தாக வேண்டும். வெயில் முந்திக்கொண்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அத்தனையும் பாழ். அதனால் பெரிய பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓட்டமும் நடையுமாகப் போய்வருவார்கள். நடுவில் எங்காவது இழை அறுந்தால் "இங்க போச்சு!" என்று குரல் வரும். உடனே ஓடிப்போய் அறுந்த இழையை முடிந்து வைக்க ஓர் ஆள் வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த ஆள் நாகமணிதான். இங்கே ஓடுவாள், முடிவாள், அங்கே குரல் கேட்கும், அங்கே ஓடுவாள். பாவைச் சுருட்டும் வரைக்கும் இதே கதை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. டிரில் டீச்சர் ஆகவேண்டும். தேர்வு மேற்பார்வைக்கு ஒருமுறை மதுரையிலிருந்து ஓர் உடற்பயிற்சி ஆசிரியை வந்திருந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அம்மாள் ஒரு விசில் ஊதினார். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டோம். எங்களுக்கெல்லாம் அது சிரிப்பாக இருந்தது. நாகமணிக்கு மட்டும் அது தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பயிற்சிப் பள்ளியில் இடம் வேண்டுமென்றால் மாவட்டப் போட்டியில் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வந்திருக்க வேண்டும் என்று விசாரித்து வந்து சொன்னார்கள். சௌடையாவும் ஒத்துக்கொண்டார். "ஜெயிச்சா போ. இல்லாட்டி ரெண்டாவது தறி சும்மாத்தான் கெடக்கு, வந்து உக்காரு" என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அந்த வீட்டில் ஒரு தறி சும்மா கிடப்பது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். ஆனால் ஓடாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் நாகமணியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் திருச்சுழியில் வட்டப் போட்டி. அதில் தேறினால்தான் மாவட்டம். அவள் பெயரை நானூறு மீட்டருக்குக் கொடுத்திருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானத்தை இரண்டு சுற்று. என்னைக் குண்டு எறிய அழைத்துப் போயிருந்தார்கள், அதற்குத்தான் லாயக்கு என்று.

சௌடையா எங்களுக்கு முன்பே பஸ் பிடித்து வந்து நின்றார். கையில் ஒரு தூக்குச்சட்டி. உள்ளே கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய கம்மங்கஞ்சி, கரண்டி நிற்கும் கெட்டி. பெயர் கூப்பிடப்போகிற நேரத்தில் மகளிடம் நீட்டினார்.

"கஞ்சி ஏறாத இழை நிக்காதும்மா. ஒரு மடக்கு விடாமக் குடிச்சிரு."

வாழ்நாளெல்லாம் பாவுக்குக் கஞ்சி போட்ட மனிதருக்கு வேறு என்ன தோன்றும்? அவளும் மறுபேச்சில்லாமல் குடித்தாள்.

எங்கள் டிரில் மாஸ்டர் இன்பராஜ், நல்ல மனிதர், அவளைப் பார்த்து "வேகமா ஓடு" என்றார். ஓட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் "இன்னும் வேகமா ஓடு" என்பார்.

விசில் ஊதியதும் நாகமணி பறந்தாள். பாவடியில் குரல் கேட்டு ஓடுவாளே, அதே ஓட்டம். அரைச் சுற்றில் மற்றவர்கள் எங்கேயோ பின்னால் கிடந்தார்கள். நான் குண்டைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தேன். முதல் சுற்று முடிந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. இரண்டாவது சுற்றின் வளைவில் கால் தூக்க மாட்டாமல் தவித்தாள். தோள் காதுவரை ஏறிக்கொண்டது. ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டினார்கள். கடைசி ஆளாக வந்து, கோட்டின் மேலேயே மண்டியிட்டு, குடித்த கஞ்சி அத்தனையையும் வாந்தி எடுத்தாள். சிரித்த பிள்ளைகளில் ஒருத்தியின் சடையை நான் பிடித்து இழுத்துவிட்டேன். அதற்காகக் குண்டு எறிதலிலிருந்து என்னை விலக்கினார்கள், அது வேறு கதை.

சௌடையா காலிச் சட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் என்னிடம் மெல்லச் சொன்னார்: "கஞ்சி கொஞ்சம் தண்ணியாப் போச்சு போல."

பின்னாளில் நான் விலங்கியல் படித்து ஆசிரியையாகி, தசையைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் தொடைத் தசையை வரையும்போதெல்லாம் எனக்கு அந்தத் திருச்சுழி மைதானம்தான் கண்ணுக்குள் வரும். அன்றைக்கு அவள் காலுக்குள் நடந்தது இதுதான். தசை சுருங்குவதற்கு ஒரே ஒரு சரக்குதான் செல்லும். அதற்கு ஏ.டி.பி. என்று பெயர். அது ஓரிரு நொடி ஓட்டத்துக்குத்தான் கைவசம் இருக்கும். தீரத் தீர நிரப்பித் தருவதற்குப் பக்கத்திலேயே கிரியேட்டின் பாஸ்பேட் என்று ஒன்று உண்டு. தலைதெறிக்க ஓடினால் அதுவும் பத்து நொடிக்குள் பெரும்பாலும் வற்றிப்போகும். நெசவுக்காரப் பிள்ளைகளிடம் இதைத் தார் கணக்கில் சொல்வேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் நூல் சுற்றிய ஒரு சின்னக் குழல் இருக்கும், அதுதான் தார். அது தீர்ந்தால் கூடையில் கிடக்கிற நாலைந்தை எடுத்துப் போடலாம். அதுவும் தீர்ந்தால் ராட்டையில் நூல் சுற்றித்தான் ஆகவேண்டும்.

உடம்பில் அந்தச் சுற்றுகிற வேலைக்கு இரண்டு வழி இருக்கிறது. சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி முன்பே தசைக்குள் சேர்ந்திருக்கும். மூச்சில் வருகிற ஆக்சிஜனோடு அதை எரித்தால் நிறையக் கிடைக்கும், நெடுநேரம் கிடைக்கும். ஆனால் இதயமும் நுரையீரலும் சூடு பிடித்து அந்த ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்கக் கொஞ்ச நேரமாகும். தலைதெறிக்க ஓடுகிற காலுக்கு அந்தப் பொறுமை ஏது? ஆக்சிஜன் வருவதற்கு முன்பே சர்க்கரையை அவசரமாக உடைக்க ஆரம்பிக்கும். உடனே கிடைக்கும், ஆனால் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். கூடவே தசைக்குள் அமிலத்தன்மை ஏறும், வேறு கழிவுகளும் சேரும். தொடை எரியும், சுருங்குகிற விசை குறையும், கால் சொன்ன பேச்சைக் கேட்காது. எங்கள் காலத்துப் பாடப்புத்தகம் பழியை முழுக்க லாக்டிக் அமிலத்தின் தலையில் போட்டது. அது பாவம், அவ்வளவு கெட்டதில்லை என்று பிறகு தெரிந்தது. லாக்டேட்டை இதயமே எடுத்து எரித்துக்கொள்ளும்.

கஞ்சி? அது வயிற்றிலிருந்து இறங்கிக் காலுக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். ஓடும்போது ரத்தமெல்லாம் காலுக்குப் போய்விடும். கவனிக்க ஆளில்லாத வயிறு, உள்ளே கிடந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டது. இதெல்லாம் அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. நாகமணிக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது தன் கால்கள்தான்.

அடுத்த திங்கட்கிழமை விடிகாலையில் பாவடியில் அவளைப் பார்த்தேன். அழுதிருப்பாள் என்று ஆறுதல் சொல்லப் போனேன். அவள் இழை முடிந்துகொண்டே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏடி சுப்பு, இங்க காலையெல்லாம் ஓடுறேன், ஒண்ணும் ஆகல. அங்க ஒரே ஓட்டத்துல செத்துட்டேனே, ஏன்?"

"கஞ்சிதான், வேறென்ன."

"கஞ்சி வயித்தத்தான் கெடுத்துச்சு. காலைக் கெடுத்தது வேற." முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "இங்க நான் முடிச்சுப் போட நிக்கேன்ல, அதுக்குள்ள காலு தெளிஞ்சிருது. அங்க முடிச்சு எங்க இருக்கு?"

நான் எத்தனையோ வருஷம் கழித்துப் புத்தகத்தில் படித்தேன். நின்று மூச்சு விடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வற்றிய சரக்கு தசைக்குள் திரும்ப ஊறுகிறது. எதற்கெடுத்தாலும் யார்மீதாவது எரிந்து விழுகிற எனக்கு, தோற்றுவந்து நாலு நாளில் தன் காலிடமே நியாயம் கேட்ட அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

பிறகு தினமும் அதே வேலை. கஞ்சி போட்டு முடித்து, பாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எல்லோரும் போனபின், பாவடி சும்மா கிடக்கும். அந்தக் கடைசி வரைக்கும் ஓடித் திரும்பி, நிற்காமல் இந்தக் கடைசிக்கு வருவாள். மெதுவாக ஒரு நடை. மறுபடி ஓட்டம். நாள் போகப் போக ஓட்டத்தை நீட்டினாள், நடையைக் குறைத்தாள். துணைக்கு நான். "ஆளு பக்கத்துல வந்தாத்தான் எனக்கு வேகம் தெரியும்" என்று என்னையும் இழுத்துவிட்டாள். கரிசல் புழுதியில் நாக்குத் தள்ள ஓடி, வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே ஓடுவாள். அப்படி ஓட ஓடத் தசைக்குள் ரத்தக்குழாய்கள் பெருகும், எரிச்சலைத் தாங்கும் பழக்கமும் வரும். எனக்கு எதுவும் பெருகவில்லை, பசிதான் பெருகியது.

ஆனாலும் ஒரு கோளாறு தீரவில்லை. ஓட்டம் என்றால் முதல் அடியிலேயே பறப்பது என்று அவள் காலுக்குப் பழகிப்போயிருந்தது. ஒருநாள் காலைக் கஞ்சி வேலைக்கு நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்தவள், அப்பா பாவுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சௌடையா முதல் கடைசியில் வாரி ஊற்ற மாட்டார். கை பதமாகவே போகும். கடைசி முழத்து இழைக்கும் அதே ஈரம்தான் இருக்கும்.

"சுப்பு, நான் மொத முழத்துலயே கஞ்சியப் பூராம் கொட்டிப்புட்டேன்டி."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் ஓட்டம் மாறியது. தொடக்கத்தில் வேகத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்தாள். காலை அடக்குவதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுபட்டாள். ஓடுவதைவிட அடங்குவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

எழுபத்திரண்டில் திருச்சுழியில் இரண்டாவதாக வந்து தேறினாள். மாவட்டப் போட்டி விருதுநகரில். நாங்கள் பள்ளி இறுதி வகுப்பு, இனி இன்னொரு வருஷம் கிடையாது. முந்தின நாள் ராத்திரி வயிறு நிறையச் சோறு சாப்பிட்டாள். காலையில் இரண்டே இட்லி. அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஓடி முடிக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தரக் கூடாதுப்பா."

"ஒரு மடக்கு?"

"ஒரு மடக்கும் வேண்டாம்."

சௌடையாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பஸ்ஸில் எங்களோடு உட்காராமல் பின் சீட்டுக்குப் போய்விட்டார். மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். மைதானத்திலும் எங்களை விட்டுத் தள்ளி, மர நிழலில் தனியாகப் போய் உட்கார்ந்தார். மனிதருக்கு இத்தனை வீம்பா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆறு பேர் ஓடினார்கள். ஒருத்தி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். நாகமணிக்கு வெறுங்கால். விசில் ஊதியது. ஐந்து பேர் பறந்தார்கள், நாகமணி ஆறாவதாகப் போனாள். இன்பராஜ் மாஸ்டர் வேட்டி அவிழ்வது தெரியாமல் "வேகமா, வேகமா" என்று கத்தினார். முதல் சுற்று முடிந்தபோது ஐந்தாவது. மரத்தடியில் சௌடையா எழுந்து நின்றுவிட்டார். இவள் அளவுக்கு மீறி அடக்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

வளைவில் கதை மாறியது. முன்னால் போனவர்களுக்குத் தோள் ஏற ஆரம்பித்தது. போன வருஷம் திருச்சுழியில் நான் பார்த்த அதே தவிப்பு. நாகமணியின் வேகம் கூடவில்லை, குறையவும் இல்லை. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியைத் தாண்டினாள். ஷூ போட்டவள் எட்டாத தூரத்தில் இருந்தாள். மிச்சம் இருந்த ஒருத்தியோடு தோளுக்குத் தோள் கடைசி நேர்க்கோட்டுக்கு வந்தாள். அங்கே இவளுக்கும் கால் கட்டிக்கொண்டது. முகத்தில் தெரிந்துவிட்டது.

பிறகு என்னிடம் சொன்னாள்: "காலு என்னுது இல்லன்னு ஆயிருச்சுடி. சரி, கையாவது என்னுதுதானேன்னு அத வீசுனேன். கை போன பக்கம் காலும் வந்துச்சு."

நெஞ்சை முன்னால் தள்ளி இருவரும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள். நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். நான் அம்மனுக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். ஒலிபெருக்கி கரகரத்து, இரண்டாவது பரிசு அருப்புக்கோட்டை நாகமணி என்று சொன்னபோது நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை.

அவளைப் பிடித்து உட்காரவைக்கப் பத்துப் பேர் ஓடினார்கள். அவள் கையை உதறிவிட்டு மெதுவாக நடந்துகொண்டே இருந்தாள். பாவடியில் ஓடிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். நடந்தால் ரத்தம் ஓடிக் கழிவைக் கழுவிக்கொண்டு போகும் என்பதை நான் பின்னாளில் பாடம் நடத்தினேன். முதலாவதாக வந்த பிள்ளை தரையில் விழுந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தது.

நடந்துகொண்டிருந்தவளின் எதிரே சௌடையா வந்தார். மஞ்சள் பையை அவிழ்த்தார். உள்ளே அந்தத் தூக்குச்சட்டி. விடிகாலையில் காய்ச்சியது, பஸ்ஸில் மடியில் வைத்து வந்தது, மகள் கண்ணில் படக் கூடாது என்று மரத்தடியில் மறைத்து வைத்திருந்தது.

"இப்பக் குடிக்கலாமாம்மா?" என்றார்.

கொஞ்சம் புளித்திருந்தது. அவள் நின்றபடியே அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். காலியாகிப்போன தசைக்குச் சர்க்கரையைத் திரும்ப நிரப்ப அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்த மனிதர் சொன்ன மருந்து சரிதான், கொடுத்த நேரம்தான் தப்பாக இருந்தது. எரிச்சல்பட்டதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நாகமணி பயிற்சி முடித்து, திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டிரில் டீச்சராகப் போனாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் விசில் ஊதினால் ஆடு மாடுகூட நிற்கும் என்று அங்கே கேலி பேசுவார்கள். எழுபத்தெட்டில் அவள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். போனால், அவள் அன்றைக்கு விழுந்த அதே மைதானம். முடிவுக்கோட்டுக்கு அப்பால் ஒரு பெரிய பானை. பக்கத்தில் கரண்டியோடு சௌடையா, கண்ணாடி போட்டுக்கொண்டு.

பெண் பிள்ளைகளின் நானூறு மீட்டர் தொடங்கியது. குச்சிபோல ஒரு சின்னப் பெண் விசில் ஊதியதும் அம்பாகப் பாய்ந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது, நாகமணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுற்றில் அந்தப் பெண் கல்லாகி நின்றுவிட்டாள். மற்றவர்கள் ஓடி முடித்துப் பானையைச் சுற்றி வரிசை கட்டினார்கள்.

"யாரும் வாங்கப்படாது. இன்னும் ஒரு ஆளு வரணும்" என்றாள் நாகமணி.

ஜெயித்த பிள்ளைகள் டம்ளரை வைத்துக்கொண்டு காத்து நின்றார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே நடந்து வந்து கோட்டைத் தாண்டினாள். சௌடையா முதல் டம்ளரை நிறைய ஊற்றி அவள் கையில் கொடுத்தார்.

"நான் கடைசியாயிட்டேன் தாத்தா."

"எம் மகளும் இதே கோட்டுல கடைசியாத்தான் வந்தா" என்று விசிலோடு நின்ற நாகமணியைக் காட்டினார். "குடி தாயி."